கலைந்த அவையும் காலாவதியாகாத மசோதாவும் (நிலச் சீர்திருத்த வரலாறு – 17)

ஒரு சட்டமன்றம் தன் பணியை நிறுத்துவது மூன்று வகையில் நிகழ்கிறது. பேரவைத் தலைவர் அமர்வை மறுநாளுக்கோ தேதி குறிப்பிடாமலோ தள்ளிவைப்பது ஒத்திவைப்பு எனப்படும். ஆளுநர் ஆணையிட்டு ஒரு கூட்டத்தொடர் முழுவதையும் முடித்துவைப்பது அடுத்த நிலை. பேரவையின் ஆயுளையே முடித்து, உறுப்பினர்கள் அனைவரும் மீண்டும் மக்களிடம் வாக்குக் கேட்கச் செல்லும்படி ஆக்குவது கலைப்பு. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் நெடுங்கால மரபில் கூட்டத்தொடர் முடிந்தாலே நிறைவேறாத மசோதாக்கள் யாவும் காலாவதியாகிவிடும். இந்திய அரசமைப்புச் சட்டம் இந்தக் கடுமையை ஏற்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றிய அதன் 196ஆவது பிரிவு, கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படுவதால் மசோதா எதுவும் காலாவதியாகாது என்றும், பேரவை கலைக்கப்பட்டால் அதன் முன் நிலுவையில் இருந்தவை காலாவதியாகும் என்றும் வகுத்தது. ஆனால் பேரவை நிறைவேற்றி அனுப்பிவிட்ட ஒரு மசோதா, ஆளுநரின் அல்லது குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கையில் பேரவை கலைக்கப்பட்டால் அந்த மசோதா என்ன ஆகும் என்பதை அப்பிரிவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. கேரளத்தின் குத்தகைதாரர்கள் பல லட்சம் பேரின் எதிர்காலம் சில ஆண்டுகள் இந்த மௌனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது மூன்று வேறுபட்ட நிலவுரிமை மரபுகள் ஓர் ஆட்சியின் கீழ் வந்தன. திருவிதாங்கூரில் அரசுக்குரிய நிலங்களை உழுதவர்களுக்கு 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரமே ஏறத்தாழ முழு உரிமை வழங்கியிருந்ததால், அங்கே சிறு உடைமையாளர்கள் பெருகியிருந்தனர். கொச்சியில் நிலைமை சற்றுப் பின்தங்கியிருந்தது. அதுவரை சென்னை மாநிலத்தின் மாவட்டமாக இருந்த மலபாரில்தான் ஜன்மி முறை தன் முழு வலிமையோடு நிலவியது. ஜன்மி என்பவர் நிலத்தின் மேலுரிமையாளர், பெரும்பாலும் நம்பூதிரி இல்லங்களும் கோயில்களும் அரச குடும்பங்களும். அவரிடம் ஒரு தொகையை முன்பணமாகக் கொடுத்து நிலத்தை அனுபவித்தவர் காணக்குடியானவர். அவருக்கும் கீழே, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் ஆண்டுக் குத்தகைக்கு உழுதவர் வெறும்பாட்டக்காரர். இந்த அடுக்குகள் எதிலும் இடம்பெறாமல், பிறர் நிலத்தின் மூலையில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள இடம் பெற்று, அதற்கு ஈடாக அழைத்த நேரத்தில் வேலைக்குச் சென்றவர் குடிகிடப்புக்காரர். அந்தக் குடிசையிலிருந்து அவரை எந்த நாளும் வெளியேற்றலாம் என்ற நிலை இருந்தவரை, கூலி உயர்வைப் பற்றி அவர் வாய்திறக்க முடியாது. மலபாரோடு தென்கன்னட மாவட்டத்தின் காசர்கோடு வட்டமும் கேரளத்திற்கு வந்தது. அங்கு நடைமுறையில் இருந்தது தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ரயத்துவாரி முறை, அதாவது இடைத்தரகர் எவருமின்றிப் பட்டாதாரரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கும் முறை. எல்லைப்புறத்தின் இந்தச் சிறு நிலப்பகுதி பிற்காலத்தில் எவ்வளவு பெரிய வழக்குகளுக்குக் காரணமாகப் போகிறது என்பதை மாநிலங்களைப் பிரித்தவர்கள் எவரும் அன்று எண்ணியிருக்க வழியில்லை.

1957 ஏப்ரல் 5 அன்று ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. ஆறாம் நாளே, ஏப்ரல் 11 அன்று, குத்தகைதாரர்களையும் குடிகிடப்புக்காரர்களையும் வெளியேற்றும் நடவடிக்கைகள் அனைத்தையும் நிறுத்திவைக்கும் அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நிலச் சட்டம் வரப்போகிறது என்ற செய்தி பரவிய கணத்திலேயே உழுபவரை வெளியேற்றும் வேலை தொடங்கிவிடும் என்பதை முந்தைய இருபது ஆண்டுகளின் விவசாய இயக்கம் கற்றுக்கொடுத்திருந்தது. இந்த முன்யோசனை இல்லாத மாநிலங்களில் சட்டம் அரசிதழில் அச்சாவதற்குள் அதனால் பயன்பெற வேண்டியவர்கள் நிலத்தில் இல்லாமல் போயினர் என்பதை இத்தொடரின் முந்தைய பகுதிகள் காட்டியிருக்கின்றன.

வருவாய்த்துறை அமைச்சர் கே. ஆர். கௌரியின் பொறுப்பில் உருவான கேரள விவசாய உறவுகள் மசோதா 1957 டிசம்பர் 18 அன்று அரசிதழில் வெளியாகி, டிசம்பர் 21 அன்று பேரவையில் அறிமுகப்படுத்தப்பட்டது. குத்தகைதாரருக்கு நிலைத்த உழவுரிமை, நியாயமான குத்தகை, ஜன்மியின் உரிமையை விலைகொடுத்து வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு, குடிகிடப்புக்காரருக்குக் குடிசையில் நிலைபேறு, தனியார் வைத்திருக்கும் நிலத்திற்கு உச்சவரம்பு ஆகியவை அதன் உள்ளடக்கம். ஐந்து பேர் வரையுள்ள ஒரு குடும்பம் இருபோக நெல்வயல் 15 ஏக்கர் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் ஓர் ஏக்கர் கூடும், எப்படியும் 25 ஏக்கருக்கு மேல் போகக் கூடாது. மணமாகாத தனியருக்கு ஏழரை ஏக்கர். தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பெருந்தோட்டங்களைத் துண்டாக்கினால் விளைச்சலும் ஏற்றுமதியும் குறையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

மசோதா ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பேரவையின் கையில் இருந்தது. இந்தக் காலத்தைத் தாமதம் என்று மட்டும் எழுதிவிடுவது நேர்மையாகாது. மூன்று பகுதிகளின் எண்ணற்ற குத்தகை வகைகளை ஒரே சட்டத்தின் சொற்களுக்குள் கொண்டுவருவது அலுவலகத்தில் இருந்தபடியே முடியக்கூடிய பணியன்று. ஒரு வகையின் பெயர் விடுபட்டால் அந்தப் பெயரில் உழுதவர்கள் அனைவரும் சட்டத்திற்கு வெளியே நின்றுவிடுவர். ஆயினும் அதே ஒன்றரை ஆண்டில் மாநிலத்தின் அரசியல் சூழல் தலைகீழாக மாறியது. அதே அரசு கொண்டுவந்த கல்வி மசோதாவால் சினமுற்ற கத்தோலிக்கத் திருச்சபையும், நில மசோதாவால் கலக்கமுற்ற நாயர் உடைமையாளர்களின் குரலாக ஒலித்த மன்னத்து பத்மநாபனின் நாயர் சர்வீஸ் சொசைட்டியும், எதிர்க்கட்சிகளும் ஓரணியில் திரண்டன. 1959 ஜூன் 10 அன்று பேரவை விவசாய உறவுகள் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 12 அன்று, விமோசன சமரம் எனப்பட்ட விடுதலைப் போராட்டம் மாநிலமெங்கும் தொடங்கியது. ஜூன் 13 அன்று அங்கமாலியில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஏழு பேர் உயிரிழந்தனர். மாத இறுதிக்குள் பிரதமர் நேரு திருவனந்தபுரம் வந்து சென்றார். ஜூலை 31 அன்று, குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் 356ஆவது பிரிவின் கீழ் அமைச்சரவை நீக்கப்பட்டுப் பேரவையும் கலைக்கப்பட்டது. மசோதா நிறைவேறியதற்கும் அதை நிறைவேற்றிய அவை இல்லாமல் போனதற்கும் இடையே இருந்தது 51 நாள்.

அந்த 51 நாளில் மசோதா சட்டமாகியிருக்கவில்லை. பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், அல்லது குடியரசுத் தலைவரின் முடிவுக்காக ஒதுக்கிவைக்கலாம் என்கிறது 200ஆவது பிரிவு. ஆளுநர் பி. ராமகிருஷ்ண ராவ் மூன்றாவது வழியை மேற்கொண்டார். நில எடுப்புச் சட்டங்களுக்கு, அடிப்படை உரிமைகளின் பேரில் தொடுக்கப்படும் வழக்குகளிலிருந்து அரசமைப்பின் 31ஏ பிரிவு தரும் பாதுகாப்பு வேண்டுமெனில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை என்பதால், இதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் குடியரசுத் தலைவர் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதை 201ஆவது பிரிவு சொல்லவில்லை. மசோதா புது தில்லியில் பதின்மூன்று மாதத்திற்கும் மேலாகக் கிடந்தது. இதற்குள் 1960 பிப்ரவரியில் இடைக்காலப் பொதுத்தேர்தல் நடந்து, காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் கூட்டணி வென்று, பட்டம் தாணுப் பிள்ளை முதலமைச்சரானார். கம்யூனிஸ்ட் கட்சி 29 இடங்களோடு எதிர்வரிசைக்குச் சென்றது. 1960 ஜூலை 27 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத், தாம் குறிப்பிட்ட திருத்தங்களைக் கருதிப் பார்க்கும்படி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். ஒரு பேரவை எழுதிய மசோதாவை, அதை எதிர்த்துத் தேர்தலில் வென்றவர்கள் பெரும்பான்மையாக அமர்ந்திருந்த வேறொரு பேரவை மறுபரிசீலனை செய்ய வேண்டிய விந்தையான நிலை இவ்வாறு ஏற்பட்டது.

புதிய பேரவை அந்த மசோதாவைக் குப்பையில் போட்டிருக்கலாம். அது அவ்வாறு செய்யவில்லை என்பது கேரள வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி. செப்டம்பர் இறுதியில் திருத்தங்களை எடுத்துக்கொண்டு, 1960 அக்டோபர் 15 அன்று திருத்திய வடிவில் அதை நிறைவேற்றியது. நிலமுடையோரின் ஆதரவோடு ஆட்சிக்கு வந்த கூட்டணியாலும், குத்தகைதாரர் கையில் வாக்குச்சீட்டு இருந்த ஒரு மாநிலத்தில், உழவுரிமை கூடாது என்று வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை. 1957க்கும் 1959க்கும் இடையில் பேரவையிலும் வயல்வெளியிலும் நடந்த விவாதம் பொதுக்கருத்தை அந்த அளவுக்கு நகர்த்தியிருந்தது. 1961 ஜனவரி 21 அன்று ஒப்புதல் கிடைத்தது. மசோதா 1961ஆம் ஆண்டின் 4ஆவது சட்டமாயிற்று.

உடனே இரு வழக்குகள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் முன் வந்தன. புருஷோத்தமன் நம்பூதிரி வழக்கில் எழுப்பப்பட்ட வினா, இக்கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்ட அதே மௌனத்தைப் பற்றியது. 168ஆவது பிரிவின்படி சட்டமன்றம் என்பது ஆளுநரையும் அவையையும் சேர்த்தே குறிக்கும். ஆகவே ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மசோதாவும் சட்டமன்றத்தில் நிலுவையில் இருப்பதே. ஆகவே பேரவை கலைந்தபோது அதுவும் காலாவதியாகிவிட்டது. செத்துப்போன மசோதாவைப் புதிய பேரவை மறுபரிசீலனை செய்ததே செல்லாது என்று வாதிடப்பட்டது. வாதம் கூர்மையானது, இங்கிலாந்து மரபின் துணையும் அதற்கு இருந்தது. நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. எந்தெந்த மசோதா எப்போது காலாவதியாகும் என்பதை 196ஆவது பிரிவே முழுமையாக வகுத்துவிட்டது. பேரவையில் நிலுவையில் இருப்பதும், பேரவை நிறைவேற்றி மேலவையில் நிலுவையில் இருப்பதும் மட்டுமே கலைப்போடு மடியும். அவையின் கடமை முடிந்து ஒப்புதலுக்காக நிற்கும் மசோதா மடியாது. ஒப்புதலுக்குக் காலவரம்பு எதையும் அரசமைப்பு விதிக்காததையே இதற்கு ஆதரவாகத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. முடிவெடுக்க எவ்வளவு காலமும் ஆகலாம் என்ற நிலையில், இடையில் ஒரு கலைப்பு நேர்ந்தால் மசோதா அழிந்துவிடும் என்று அரசமைப்பை வகுத்தவர்கள் கருதியிருக்க முடியாது என்பது அதன் தருக்கம். திருப்பி அனுப்பப்பட்ட மசோதாவை, அதை முதலில் நிறைவேற்றிய அவைதான் கருத வேண்டும் என்பதில்லை, அதன் பின்வந்த அவையும் கருதலாம் என்றும் முடிவாயிற்று.

இத்தீர்ப்பு ஒரு கையால் மசோதாவின் உயிரைக் காத்தது. மறு கையால், காலவரம்பின்மை என்பதை அரசமைப்பின் இயல்பாக ஏற்றுக்கொண்டது. அதன் விளைவு இன்றும் தீரவில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் நிறுத்திவைத்ததையொட்டி எழுந்த வழக்கில் 2025 ஏப்ரல் 8 அன்று இரண்டு நீதிபதிகள் காலவரம்புகளை வகுத்தளித்ததும், அதே ஆண்டு நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகளின் அமர்வு, நீதிமன்றம் அத்தகைய வரம்புகளை விதிக்க முடியாது என்று குடியரசுத் தலைவருக்குக் கருத்துரைத்ததும் இந்தப் பழைய வினாவின் தொடர்ச்சியே. நீதிமன்றங்கள் காலத்தை வரையறுக்கலாமா என்பது ஒருபுறம் இருக்க, காத்திருக்கும் காலம் யாருக்கும் சார்பற்றது என்ற எண்ணத்தைக் கேரளத்தின் அனுபவம் மறுக்கிறது. உச்சவரம்பு வரப்போகிறது என்று அறிந்த நிலவுடைமையாளருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், ஒரு தானப் பத்திரம், பினாமி பெயரில் ஒரு கிரயம் எழுதுவதற்கான அவகாசம். குத்தகைதாரருக்கு அதே மாதம் அவசரச் சட்டத்தின் தற்காலிக நிழலில் கழியும் இன்னொரு மாதம், அவ்வளவுதான்.

இரண்டாவது வழக்கு கரிம்பில் குஞ்ஞிகோமன் வழக்கு. அதுவும் முதல் வழக்கு தீர்ந்த 1961 டிசம்பர் 5 அன்றே தீர்ந்தது. மனுதாரர்களின் நிலங்கள் காசர்கோடு, ஓசதுர்க்கம் வட்டங்களில் இருந்தன. 31ஏ பிரிவின் பாதுகாப்பு எஸ்டேட் எனப்படும் நிலங்களுக்கு மட்டுமே உரியது. எஸ்டேட் என்பதற்கு அந்தந்தப் பகுதியின் நிலச் சட்டம் தரும் பொருளையே கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தின் சட்டத்தில் ஜமீன், இனாம் போன்றவையே எஸ்டேட், ரயத்துவாரிப் பட்டா நிலம் எஸ்டேட் ஆகாது. ஆகவே முன்பு சென்னைக்கு உரியவையாக இருந்த இந்த இரு வட்டங்களில் சட்டத்திற்குக் கவசம் இல்லாமல் போயிற்று. கவசம் நீங்கியதும் சமத்துவத்தை வலியுறுத்தும் 14ஆவது பிரிவு குறுக்கே நின்றது. ரப்பருக்கும் காப்பிக்கும் தந்த விலக்கைப் பாக்குத் தோட்டத்திற்கும் மிளகுக் கொடிக்கும் மறுத்ததற்குத் தக்க காரணம் இல்லை என்று நீதிபதி வாஞ்சூ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. பாக்கு மரம் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும், அதன் மேல் மிளகுக் கொடி படர்ந்திருக்கும், இரண்டுக்கும் சேர்த்தே நீர்ப்பாய்ச்சலும் உரமும் செல்லும். அத்தகைய தோட்டத்தைத் துண்டாக்கினால் நேரும் இழப்பு தேயிலைத் தோட்டத்தில் நேர்வதைவிடக் குறைந்ததன்று. இந்த வாதத்தில் உண்மை இருந்தது. சட்டத்தை வகுத்தவர்கள் மலைச்சரிவின் பெருந்தோட்டங்களை மட்டுமே மனத்தில் கொண்டு, தென்கன்னடத்து விவசாயியின் பாக்குத் தோப்பைக் கருதாமல் விட்டுவிட்டனர் என்றே சொல்ல வேண்டும். குடும்பம் என்பதற்குக் கணவன், மனைவி, மணமாகாத இளவயதுக் குழந்தைகள் என்று தந்த வரையறை, தாய்வழிக் குடும்பங்களுக்கோ இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கோ பொருந்தாத செயற்கையான ஒன்று என்றும், நில மதிப்பு கூடக் கூட இழப்பீட்டின் விகிதத்தைக் குறைத்துச் சென்றது பாரபட்சம் என்றும் தீர்ப்பு மேலும் குறை கண்டது. நீதிபதி சர்க்கார் மாறுபட்ட கருத்து எழுதினார். முடிவில் அந்த வட்டங்களின் ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்தவரை சட்டம் செல்லாததாயிற்று.

இதன் அதிர்வு முதலில் சென்னையைத் தாக்கியது. காமராசர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு 30 தரஏக்கர் என்று வரம்பு வகுத்திருந்தது. தரஏக்கர் என்பது மண்ணின் வளத்தையும் தீர்வையையும் கொண்டு சமப்படுத்தப்பட்ட அளவு. குடும்பத்தை அடிப்படையாகக் கொண்ட வரம்பு, படிப்படியாகக் குறையும் இழப்பீடு ஆகிய இரண்டும் அதிலும் இருந்தன. மாநிலத்தின் பெரும்பகுதி ரயத்துவாரி நிலமாகவும் இருந்தது. 1964 மார்ச் 9 அன்று கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம், கேரளத் தீர்ப்பையே பின்பற்றி, அச்சட்டத்தையும் செல்லாது என அறிவித்தது.

ரயத்துவாரி நிலங்களில் எழுந்த இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒன்றிய அரசு அரசமைப்பின் பதினேழாவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. ரயத்துவாரி நிலத்தையும் எஸ்டேட் என்ற சொல்லுக்குள் அடக்குவதும், பல மாநிலங்களின் 44 நிலச் சட்டங்களை நீதிமன்றத் தாக்குதலிலிருந்து காக்கும் ஒன்பதாவது அட்டவணையில் சேர்ப்பதும் அதன் நோக்கம். உச்சவரம்புக்கு உட்பட்டுத் தாமே உழும் நிலத்தை அரசு எடுத்தால் சந்தை விலைக்குக் குறையாமல் இழப்பீடு தர வேண்டும் என்ற பாதுகாப்பும் அதில் சேர்ந்தது. சிறு விவசாயியின் அச்சத்தைப் போக்க இது அவசியமாயிருந்தது. 1964 ஏப்ரல் இறுதியில் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாமல் திருத்த மசோதா தோற்றது. பெரும்பான்மை பலம் இருந்த ஆளுங்கட்சி, கூட்டத்தொடரின் கடைசிக் கட்டத்தில் தன் உறுப்பினர்களை அவையில் போதிய அளவு அமர்த்தத் தவறியதன் விலை அது. மே 27 அன்று சிறப்புக் கூட்டத்தொடர் கூடியது. அன்றே நேரு காலமானார். புதிதாக அறிமுகப்படுத்தப்பட்ட மசோதா ஜூன் முதல் வாரத்தில் இரு அவைகளிலும் நிறைவேறி, ஜூன் 20 அன்று ஒப்புதல் பெற்றது. சென்னைச் சட்டம் இவ்வாறு உயிர்பெற்றது. அதன் வரம்பு 15 தரஏக்கராகக் குறைய 1970 வரை ஆயிற்று.

கேரளத்தில், ஊனமுற்ற 1961ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 1963ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டு, அதுவும் ஒன்பதாவது அட்டவணையில் இடம்பெற்றது. அது முந்தையதைவிட நிலவுடைமையாளருக்கு இளக்கம் காட்டியது. 1967இல் நம்பூதிரிப்பாடு மீண்டும் முதலமைச்சரானதும் வருவாய்த்துறை மீண்டும் கௌரியிடம் வந்தது. அவர் கொண்டுவந்த பெருந்திருத்தம் 1969 அக்டோபரில் நிறைவேறியது. அதே மாதமே கூட்டணி உடைந்து அமைச்சரவை பதவி விலகியது. இம்முறை பேரவை கலைக்கப்படவில்லை. நவம்பர் 1 அன்று பொறுப்பேற்ற அச்சுத மேனன் அரசு, ஒப்புதல் கிடைத்ததும் 1970 ஜனவரி 1 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. அன்றோடு ஜன்மியின் உரிமைகள் அரசைச் சேர்ந்தன, குத்தகைதாரர் உடைமையாளராகும் வழி திறந்தது. குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3 சென்ட் நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை கிடைத்தது. குத்தகைச் சீட்டில் பெயர் இருந்தவருக்கு வயல். தலைமுறைகளாக அந்த வயலில் இறங்கி உழைத்த புலையருக்கும் பறையருக்கும் குடிசையைச் சுற்றிய பத்து சென்ட். குத்தகைதாரரே உழுபவர் என்று எடுத்துக்கொண்ட இயக்கத்தின் பார்வையில் இருந்த இந்தப் போதாமையை, மசோதா அவையில் இருந்த காலத்திலேயே அழுத்தமாக எழுப்பியிருக்க வேண்டும், எழுப்பப்படவில்லை. பிற்காலத்தில் ஆதிவாசிகளும் தலித்துகளும் நிலத்திற்காகத் தனியே போராட நேர்ந்ததன் வேர் இங்கே இருக்கிறது.

திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்றாம் மாதம், 1970 மார்ச் 21 அன்று, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு பதிவாயிற்று. பாக்குத் தோப்பு வழக்கு எழுந்த அதே காசர்கோட்டில் உள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி அதன் மனுதாரர். தம் மடத்தின் நிலங்களைக் காக்க அவர் தொடுத்த வழக்கு, அரசமைப்பைத் திருத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரத்திற்கே எல்லை உண்டா என்ற விசாரணையாக 13 நீதிபதிகள் முன் விரிந்த வரலாறு அடுத்த பகுதியில் இடம்பெறும்.